சிட்டுவின் தாய் வீடும் எங்கள் பட்டியின் சொறியும்

ஆடு வளர்ப்பதில் ஆடுகளால் பெரிய தொல்லை எதுவும் கிடையாது. போட்டதைத் தின்னும், ஓட்டின பக்கம் போகும். வீட்டு மனிதர்களைத்தான் பட்டியில் அடைக்க முடிவதில்லை.

நாவலூர் கம்பெனி ஒன்றில் குப்பை கொட்டி, போக வர வேனிலேயே பாதி ஆயுசைக் கழித்தவள் நான். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, மாடம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி மனையில் செம்மறி ஆடு வளர்த்துக் குட்டி பெருக்கப் போகிறேன் என்று அறிவித்தேன். (அதற்கு முன் நான் வளர்த்த ஒரே உயிர் மணி பிளான்ட். அதுவும் செத்துப்போனது.) கணவர் சேகர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "இந்த ஈத்துல குட்டிங்க நல்லபடியா பொறந்து நின்னா, நீ இதையே பண்ணு. இல்லைன்னா திரும்ப நாவலூர்." சொன்னதோடு விட்டாரா? என் லேப்டாப் பையை வாசல் ஆணியில் மாட்டிவைத்தார். போகும்போதும் வரும்போதும் அது என் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

துரை என்று ஒரு கிடா வாங்கினேன். வந்த நாளிலிருந்து வேலியில் உடம்பைத் தேய்த்தபடியே நின்றான். புது இடத்தோடு பாசமாகிவிட்டான் என்று வீடியோ எடுத்துச் சொந்தபந்தம் எல்லாருக்கும் அனுப்பினேன். பாசம் மற்ற ஆடுகளுக்கும் பரவியது. வேலி முழுக்கக் கொத்துக் கொத்தாக ரோமம், ஆடுகளின் முதுகில் சொட்டையும் பொருக்கும். அப்புறம்தான் டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று எனக்கு உறைத்தது.

கால்நடை டாக்டர் துரையின் முதுகைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"மேடம், இது சொறி. கண்ணுக்குத் தெரியாத பூச்சி. புதுசா வாங்கின ஆட்டைக் கொஞ்ச நாள் தனியா வெச்சுப் பார்க்கணும்னு யாரும் சொல்லலையா?"

சொல்லியிருந்தார்கள். ஆன்லைன் வகுப்பில் சர்டிபிகேட்டே கொடுத்திருந்தார்கள். "பாவம், தனியா கத்தினான் சார்" என்றேன்.

"மொத்தப் பட்டிக்கும் ஒரே நாள்ல ஊசி. சொறி தெரிஞ்சாலும் தெரியலைன்னாலும் போடணும். சினை ஆட்டுக்கு நான் பார்த்துப் போடறேன். கொஞ்ச நாள் கழிச்சு இன்னொரு ரவுண்டு. ஒண்ணை விட்டாலும் எல்லாம் வேஸ்ட்."

இதை வீட்டில் எல்லாருக்கும் சொன்னேன். முக்கியமாக என் மாமியாருக்கு. அத்தை நன்றாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

சிட்டு எங்கள் பட்டியில் முதலில் சினையான ஆடு, அத்தையின் செல்லம். அஸ்தினாபுரத்தில் அத்தையின் தங்கை வீட்டு மாடிப்படிக்குக் கீழே பிறந்தவள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் தராத சந்தோஷத்தைத் தரப்போகிறவள். "நீதான் ஒரு வழியும் பண்ணலை, அவளுக்காவது வளைகாப்பு போட்டுப் பார்க்கறேன்" என்று அத்தை என் முகத்துக்கு நேரே சொன்னார்.

ஊசி போடும் அன்றே முகூர்த்த நாளாம். வீட்டுக்குப் பின்னால் நானும் டாக்டரும் ஆடுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். வீட்டுக்குள் காலனிப் பெண்கள் சிட்டுவுக்குச் சந்தனம் பூசி, வளையலைச் சரடில் கோத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டிருந்தார்கள். டாக்டரோடு வந்து, சாப்பிட உள்ளே போன கம்பவுண்டர் வெகு நேரம் வரவில்லை.

"அத்தை, சிட்டுவைக் கூட்டிட்டு வாங்க!" என்று கத்தினேன்.

"அவளுக்குக் கம்பவுண்டர் இங்கயே போட்டுட்டார்மா!"

கம்பவுண்டர் போட்டது ஐந்து வகைச் சாதம், தன் வயிற்றுக்கு. அது எனக்கு எப்படித் தெரியும்? "எல்லாம் முடிஞ்சுதா?" என்று டாக்டர் கேட்டார். "முடிஞ்சுது சார்" என்றேன், பெருமையாக.

சாயங்காலம் குட்டியானை லோடு வண்டி ஓட்டும் பாபு வாசலில் வந்து நின்றான். "அக்கா, பொண்ண அஸ்தினாபுரத்துல பத்திரமா எறக்கி வுட்டுட்டேன். வழி பூரா அய்துகினே வந்துச்சு."

"எந்தப் பொண்ணு?"

"இன்னாக்கா, உங்க வூட்டு ஆடுதான்! தலையில பூவு வச்சிகினு..."

உள்ளே ஓடினேன். அத்தை அசரவில்லை. "வளைகாப்பு முடிஞ்சா தாய் வீட்டுக்கு அனுப்பணும்மா. வாயும் வயிறுமா இருக்கறவளைக் குத்த விடுவேனா? அவ அம்மா அங்கதானே இருக்கா?"

அவள் அம்மா அங்கேதான் இருந்தாள், அதே மாடிப்படிக்குக் கீழே. திரும்பி வரும்போது வாசலிலேயே நிறுத்தி ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

இரண்டாவது ரவுண்டும் முடிந்தது. சொட்டையில் ரோமம் முளைத்தது. துரை வேலியை மறந்தான். மற்ற பெட்டை ஆடுகளுக்கும் வயிறு தெரிய ஆரம்பித்தது. அந்தச் சமயம் பார்த்து நான் தீவனம் வாங்கத் தாம்பரம் போனேன்.

திரும்பி வந்தால் வாசலில் ஆரத்தித் தண்ணீர். குட்டியோடு வந்திறங்கிய சிட்டுவை நல்ல நேரத்தில் நேராகப் பட்டிக்குள் விட்டிருந்தார் அத்தை. எல்லா ஆடுகளும் அவளைச் சுற்றி உரசிக்கொண்டு நின்றன. அவள் முதுகில் கை வைத்தேன். கையோடு ரோமம் வந்தது. கொஞ்ச நாளில் துரை மறுபடி வேலிக்குப் போனான்.

டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "மேடம், ஆட்டுக்கு எதுக்கு மேடம் தாய் வீடு?" என்றார்.

சேகர் லேப்டாப் பையை ஆணியிலிருந்து எடுத்துத் தூசி தட்டினார். நான் பட்டியில் போய் உட்கார்ந்து அழுதேன். ஆத்திரத்தில்தான் அழ ஆரம்பித்தேன், கொஞ்ச நேரத்தில் அது நிஜ அழுகையாகிவிட்டது. அத்தை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வளைகாப்புக்கு வந்த அத்தனை பெண்களையும் அத்தை இழுத்து வந்தார். "சாப்பிட வந்தீங்கல்ல? இப்ப பிடிக்க வாங்க." ஆளுக்கு ஓர் ஆட்டைப் பிடித்தார்கள். சிட்டுவை அத்தையே பிடித்துக்கொண்டு, ஊசி இறங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். முடிந்ததும், "டாக்டர், சம்பந்தி வீட்டுக்கும் போடணும்" என்று அவரை அஸ்தினாபுரத்துக்கு ஆட்டோவில் ஏற்றினார். இந்தத் தடவை சொறி ஒழிந்தது. குட்டிகள் பிறந்து நின்றன. லேப்டாப் பையின் வார் துரைக்குக் கழுத்துக் கயிறானது.

பிறகு எனக்கும் வளைகாப்பு நடந்தது, நானும் தாய் வீடு போனேன். மகளைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்த அன்று காலனியே வாசலில் கூடியிருந்தது. ஆரத்தித் தட்டோடு நின்ற அத்தை, "அங்கயே நில்லு" என்றார்.

"ஏன் அத்தை?"

"தாய் வீட்டுலேர்ந்து வர்றவளைத் தனியா வெச்சுப் பார்த்துட்டுதான் உள்ள விடணுமாம். நீதானே சொன்ன?"

சிரிப்பு அடங்க வெகு நேரமானது. இன்றைக்கும் நான் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வந்தால், கதவைத் திறப்பதற்கு முன் சேகர் கேட்கிறார், "எங்கயாவது அரிக்குதா?" அதுவரை எங்கேயும் அரித்திருக்காது. கேட்ட மறு நிமிஷம் முதுகில் கை எட்டாத இடத்தில் ஆரம்பித்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு நேராக அறைக்குள் போகிறேன். கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு, பீரோ மூலையில் முதுகைத் தேய்த்துக்கொள்கிறேன்.