குமிழி விழாமல் ஒட்டுகிறவர்

பொருளை வாங்கிப் பாவிக்கிறவர்கள் உண்டு, வாங்கிப் பூட்டி வைக்கிறவர்கள் உண்டு. இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. வாங்கி உறை போடுகிறவர்கள். பூட்டி வைக்கிறவரிடம் கெஞ்சிச் சாவியை வாங்கிவிடலாம். உறை போடுகிறவரோ பொருளை உங்கள் கண்ணெதிரே மேசைமேலேயே வைத்திருப்பார். கைதான் வைக்க முடியாது.

இவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ரேடியோவுக்குச் சட்டை தைத்திருப்பார், சட்டை அழுக்காகுமென்று அதன்மேல் ஒரு துவாயைப் போட்டிருப்பார், துவாய் வெயிலில் வெளுக்குமென்று ஜன்னலைச் சாத்தியிருப்பார், இருட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பார். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான்: "பாழாப் போயிடும்ல?"

ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆபீஸ் கிளாக்கராக இருந்த அழகையா இந்த இனத்தில் பழுத்தவர். அவர் மனைவி ரெங்கம்மாவோ பாவிக்கிற இனம். அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள்.

இறக்குமதி திறந்துவிட்டுப் பதுளைக் கடைத்தெருவெங்கும் பிளாஸ்டிக் சாமான் தொங்கிய காலம் அது. பின்தாளை உரித்தால் ஒட்டிக்கொள்கிற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள் இத்ரூஸ் நானா கடைக்கு வந்திறங்கியது. அழகையா ஒரு சுருளையே தூக்கித் தோளில் வைத்தார்.

"என்ன கிளாக்கரய்யா, ஊட்டையே ஒட்டப் போறீங்களா?" என்றார் நானா.

"மொதல்ல பாம்பும் ஏணியும். வீட்டப் பத்தி அப்புறம் யோசிக்கலாம்."

அவர் கேலி பண்ணவில்லை. அவருக்குக் கேலி வராது.

அந்தப் பாம்பும் ஏணியும் பலகையில்தான் ரெங்கம்மாவின் மானம் மாட்டிக்கொண்டிருந்தது. பொங்கலுக்கு வந்த அழகையாவின் அக்கா, அதாவது ரெங்கம்மாவின் மதினி பாக்கியலெட்சுமி, அவளோடு ஆடி ஜெயித்துவிட்டாள். ஜெயித்தது பரவாயில்லை. கரையேறப் போன ரெங்கம்மாவைத் தொண்ணூற்றெட்டாம் கட்டத்துப் பாம்பு மறுபடி மறுபடி விழுங்கியதையும் அவள் மூக்கைச் சிந்தியதையும், மதினி பண்டாரவளையிலிருந்து நமுனுகுல வரைக்கும் ஒவ்வொரு விசேச வீட்டிலும் நடித்துக் காட்டினாள். அடுத்தது வெலிமடைக் கல்யாணம். சொந்தமெல்லாம் அங்கே கூடும். அதற்குமுன் ஒரு ஆட்டம், ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்துவிட வேண்டும்.

"நீ ஜெயிச்சிட்டா நான் வாயத் தொறக்க மாட்டேன் புள்ள" என்று மதினியும் சொல்லியிருந்தாள்.

ஆனால் பலகை எங்கே கையில் கிடைக்கிறது? "ஒட்டி முடியட்டும்" என்றார் அழகையா. ஒட்டுவதென்றால் சும்மாவா? காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து, சாயங்காலம் ஆபீஸ் மூடியதும் குளித்து, கையைப் பவுடர் போட்டுத் துடைத்து, வீட்டிலுள்ளவர்களை மூச்சைக்கூட மெதுவாக விடச் சொல்லி, பின்தாளை விரலளவு விரலளவாக உரித்து, அடிமட்டத்தால் நீவி நீவி ஒட்டுவார். கடைசியில் ஏணியின் உச்சியில் ஒரு காற்றுக் குமிழி நிற்கும். பிய்த்துவிட்டு மறுபடி ஆரம்பம். மடிக்கிற பலகை மடியாத பலகையாயிற்று. காய்களுக்கு உறை. விளையாட்டு விதிகள் அச்சடித்த தாளுக்கு உறை. பெட்டியை மூடியோடு சேர்த்தே ஒட்டினார். பிறகு அதைத் திறக்க முடியவில்லை. உள்ளே ஒன்றும் இல்லாததால் பரவாயில்லை.

கடைசியாகத் தாயக்கட்டை. ஆறு பக்கமும் மூன்று சுற்று ஒட்டி, பளபளப்புக்கு ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவி, அதே கையால் பலகையையும் தடவினார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பாக்கியலெட்சுமி வந்திறங்கினாள். வேலை முடிந்த பெருமையில் அழகையா தானே பலகையை எடுத்து வைத்தார். "ஆடுங்க. ஈரத்துணியால தொடச்சாப் போதும்."

மதினி எதையும் மெதுவாகச் செய்தவளில்லை. கட்டையை இரண்டு கைக்குள்ளும் போட்டுக் குலுக்கி எறிந்தாள். அது பனிக்கட்டிபோல் வழுக்கி அலுமாரிக்கு அடியில் போனது. பலகையை விட்டு விழுந்தால் அந்த முறை போச்சு என்பது பொங்கலன்று மதினியே போட்ட சட்டம்.

ரெங்கம்மா எறியவில்லை. எண்ணெய் தடவிய நாளிலிருந்து அந்தக் கட்டையைத் தினமும் தூசி தட்டியவளுக்கு அதன் குணம் தெரியும். நாலு மேலே தெரியும்படி பலகையில் வைத்து, விரலால் லேசாகத் தள்ளினாள். நாலு நாலாகவே போய் நாலாகவே நின்றது. ஏணி. அடுத்த தடவை ஆறு. இன்னொரு ஏணி. மதினியின் கட்டை இம்முறை அடுப்படிக்குப் போனது.

"அடியே! இது என்னடி ஆட்டம்? கட்டைய வச்சுத் தள்ளுறா பாரு!"

"நீங்க வீசுறீங்க மதினி, நான் போடுறேன். எனக்குக் கை வலி."

"தம்பி, நீ நாயஸ்தன். நீயே சொல்லு. இது உருளுதா, வழுக்குதா?"

அழகையா கட்டையைப் பார்த்தார். கொழுந்து நிறுக்கையில் கால் றாத்தல்கூடக் கூட்டிக் குறைத்து எழுதியறியாத மனிதர். வழுக்குகிறது என்று சொன்னால் அக்கா மகிழ்வாள். ஆனால் எதனால் வழுக்குகிறது என்று அடுத்தபடி கேட்பாள். ரெங்கம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

"உருளுது" என்றார் அழகையா. "கொஞ்சம் நிதானமா உருளுது."

ரெங்கம்மா நூறில் போய் உட்கார்ந்தபோது மதினியின் காய் வெளியே கிடந்தது. அதன் உறையில் ஒரு கீறல் இல்லை.

வெலிமடைக் கல்யாணத்தில் எல்லோரும் பாக்கியலெட்சுமியைச் சூழ்ந்துகொண்டு, "அந்தப் பாம்புக் கதையச் சொல்லுங்கக்கா" என்றார்கள். அவள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "இந்த வருசம் உருளக்கெழங்கு நல்ல வெளச்சலாமே" என்றாள்.

வீட்டுக்குத் திரும்பிய ரெங்கம்மா கட்டையை எடுத்துப் பார்த்தாள். ஒரு மூலையில் தாள் லேசாகக் கிளம்பியிருந்தது. இழுத்தால் உரிந்துவிடும். இனியாவது ஒழுங்காக உருட்டி ஆடலாம். அவள் அந்த மூலையை நகத்தால் அழுத்தி அழுத்தி ஒட்டினாள்.

"ஏங்க, அந்தத் தாள்ல துண்டு ஏதும் மிச்சம் இருக்கா?"

"எதுக்கு?"

"பாழாப் போயிடும்ல?"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் இந்தப் புத்தகத்தின் அட்டையை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். வாங்கின அன்றே ஒட்டிவிட்டீர்கள், இல்லையா? நன்றாகத்தான் ஒட்டியிருக்கிறீர்கள். ஓரத்தில் அந்தக் குமிழி மட்டும். இவ்வளவு நேரமும் கட்டைவிரலால் அதைத் தள்ளிக்கொண்டே வாசித்தீர்களே, அது போகாது.