தக்காளிக்குக் கிடைத்த முதல் தரம்

தள்ளுமுள்ளு! எங்கள் பல்கலைக்கழகத்தின் முன்கூடத்தில் காலையிலேயே அப்படி ஒரு கூட்டம். கால்பந்து ஆட்டமா? இல்லை. இலவசமாக ரக்கியா சாராயம் ஊற்றுகிறார்களா? அதுவும் இல்லை. தண்ணீர் ஊற்றப் போகிறார்கள். வெறும் பச்சைத் தண்ணீர்!

பல்கேரியாவில் பிள்ளைகள் பரீட்சைக்கோ பயணத்துக்கோ கிளம்பும்போது, வாசலில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி அனுப்புவோம். போகிற காரியம் தண்ணீர் மாதிரித் தடங்கலில்லாமல் ஓடட்டும் என்று ஓர் ஆசை. யாருக்கும் நஷ்டமில்லை, காலணி நனையும், அவ்வளவுதான். அந்த ஆசையைப் பிடித்துக்கொண்டு கடை விரித்தவர் கிரஸ்தியோ. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் தரத்தைத் தண்ணீரே சொல்லுமாம்! தண்ணீர் மாணவனின் காலைத் தேடி வந்தால் முதல் தரம். விலகி ஓடினால் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது. கட்டணம் தலைக்கு இருபது லெவா. தண்ணீர் குழாயில் வருவது.

இதில் மயங்கியவர்கள் படிக்காத பாமரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் மயங்கியவர் எங்கள் டீன் விதனோவா, இரண்டு டாக்டர் பட்டம் வாங்கியவர். முன்பெல்லாம் ஒரு பிள்ளையை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்புவதென்றால், அங்கே யார் பாடம் நடத்துகிறார்கள், அந்த மதிப்பெண் இங்கே செல்லுமா, பிள்ளை எங்கே தங்கும் என்று மாதக்கணக்கில் விசாரிக்க வேண்டும். இப்போது ஒரு குடம் தண்ணீரும், அதைத் தள்ளிவிட ஒரு துடைப்பமும் இருந்தால் போதும்! இதே பல்கலைக்கழகத்தில் சரித்திரம் நடத்தும் எனக்கு, சரித்திரம் பின்னோக்கி நடப்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கும் பாக்கியம் கிடைத்தது.

அன்று கிரஸ்தியோ வெள்ளை அங்கியும் செப்புக் குடமுமாக வந்து நின்றார். தாடியைச் சீவியிருந்தார். மோசடியிலும் ஒரு சுத்தம் வேண்டுமல்லவா?

"எங்க போற, ராசா?"

"மத்தியதரைப் பேரரசு அகாடமிக்குங்க" என்றான் ஒரு பையன்.

"உன் பயணத்துக்கு ஏத்த இடம் ஜன்னலோரம். அந்தச் செவப்புக் கம்பளத்து மேல நில்லு."

குடம் சாய்ந்தது. தண்ணீர் வளைந்து நெளிந்து பையனின் காலடிக்கே போய்ச் சேர்ந்தது. பையனின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கூட்டம் கைதட்டியது.

அடுத்து ரலிட்சா. நிலவியல் படிக்கிறவள், நேப்பிள்ஸில் ஓராண்டு எரிமலையைப் படிக்க இடம் வாங்கி வைத்திருந்தாள். அன்று மதியத்துக்குள் டீன் கையெழுத்துப் போடாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

"நீ அந்தத் தூண்கிட்ட நில்லு, தாயி."

தண்ணீர் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் ஓடியது.

"ஐயையோ! தண்ணி மூஞ்சியத் திருப்பிக்கிச்சே! நேப்பிள்ஸ்ல தரமே கெடயாது. நீயும் பேசாம அகாடமிக்கே போயிரு."

டீன் பேனாவை மூடினார். "மன்னிச்சிரும்மா. தரம்னு வந்துட்டா நாங்க விட்டுக்கொடுக்க முடியாது."

ரலிட்சாவுக்கு ஆத்திரத்தில் காது சிவந்துவிட்டது. "மேடம், எரிமலையைப் படிக்க எரிமலை இருக்கிற ஊருக்குப் போறேங்கறேன். தண்ணிக்கு அதுல என்ன வருத்தம்? இன்னொரு தடவ ஊத்தச் சொல்லுங்க. நிக்கிற இடத்த நான் சொல்றேன்."

"தண்ணியச் சோதிக்கிறது பாவம்!" என்றார் கிரஸ்தியோ.

"அப்ப என்னைச் சோதிச்சது மட்டும் புண்ணியமா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் கிரஸ்தியோவின் முதல் சறுக்கல். ரலிட்சா பக்கத்திலிருந்த ஓர் அம்மாவிடம், "அக்கா, அந்தப் பையில இருக்கிற தக்காளியக் கொஞ்சம் குடுங்க" என்று கேட்டு வாங்கினாள். எங்களூர்த் தக்காளி, குழந்தைத் தலை அளவு. அதைச் சிவப்புக் கம்பளத்தின் நடுவில் வைத்தாள். அகாடமிப் பையனைத் தூணருகே நிறுத்தினாள். கிரஸ்தியோ சுதாரிப்பதற்குள் குடத்தைப் பிடுங்கி மிச்சத் தண்ணீரைக் கவிழ்த்தாள்.

தண்ணீர் பையனைக் கண்டுகொள்ளவே இல்லை. நேராகத் தக்காளியிடம் போனது!

"முதல் தரம்!" என்று கத்தினான் ஒருவன். "தக்காளிக்கு இடம் கெடச்சிருச்சுடோய்! விசா எடுங்கப்பா!"

"அது... அது அபூர்வமான தக்காளி..." என்று இழுத்தார் கிரஸ்தியோ.

ரலிட்சா கம்பளத்தைச் சுருட்டி எறிந்தாள். அடியில் இரும்புக் கம்பி போட்ட சாக்கடை வாய்! எங்கள் கட்டடம் ஒரு காலத்தில் ஊர்ப் பொதுக் குளியலறை. சாக்கடையை நோக்கிச் சரித்துக் கட்டிய தரை. இது ஊரில் யாருக்குத் தெரியாது? எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததை நினைத்துப் பார்க்க மட்டும் ஒருவருக்கும் நேரமில்லை.

"சரி, தரை சாய்வு. ஆனா அகாடமி நல்ல எடம்தானே?" என்றார் டீன் பரிதாபமாக.

"நான் சொல்லட்டுங்களா, மேடம்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். ஓக்னியன். போன ஆண்டு அதே அகாடமிக்குப் போய்வந்தவன். "அங்க ஒரே ஒரு வாத்தியார். காலையில தத்துவம், சாயங்காலம் கணக்கு, நடுவுல எங்களுக்குச் சமையலும் அவர்தான். சமையல் பரவால்ல. அங்க எடுத்த மார்க் இங்க செல்லாதுன்னுட்டாங்க. நான் மறுபடி ரெண்டாம் வருஷம். அப்புறம், அங்க வாசல்ல இந்தக் கிரஸ்தியோவோட படத்த மாட்டி வெச்சிருக்காங்க. ஆள் புடிச்சுக் குடுக்கிற ஏஜென்ட்டுன்னு கீழ எழுதி."

டீனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "இத்தன நாளா ஏன்டா சொல்லல?"

"நீங்க எங்க என்னைக் கேட்டீங்க? தண்ணிகிட்டல்ல கேட்டீங்க!"

கூடமே அதிர்ந்தது சிரிப்பில். கிரஸ்தியோ நழுவப் பார்த்தார். அவர் ஊற்றிய தண்ணீரே அவரை வழுக்கிவிட, அங்கியோடு சாக்கடைக் கம்பிமேல் போய் உட்கார்ந்தார். கட்டணம் கொடுத்த பெற்றோர்கள் அவரை அன்போடு சூழ்ந்துகொண்டார்கள்.

டீன் ரலிட்சாவை உட்காரவைத்து முதன்முறையாகக் கேள்வி கேட்டார். யார் பாடம் நடத்துகிறார்கள்? எந்தப் பாடம் இங்கே செல்லும்? எங்கே தங்குவாய்? ரலிட்சா ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தாள். மதியத்துக்குள் கையெழுத்து விழுந்தது. வெளியே வந்தவள் படிக்கட்டில் சின்னக் குழந்தை மாதிரி குதித்துக்கொண்டு ஓடினாள். எனக்கும் குதிக்கவேண்டும்போலத்தான் இருந்தது, முழங்கால் சம்மதிக்கவில்லை.

பெற்றோர்களே, பெரிய பட்டம் வாங்கிய டீன்களே! உங்கள் வாயில் நாக்கு இருக்கிறது, போய்வந்த பிள்ளைகளிடம் பதில் இருக்கிறது. கேளுங்கள்! தரையில் ஓடும் தண்ணீரிடம் போய் வழி விசாரித்தால், அதற்குத் தெரிந்த ஒரே ஊர் சாக்கடைதான்.