அடைகாப்பு நிலையத்துக்கு வந்த கரண்ட் பில்

ஒரு காட்டில், மேகம் வந்து முட்டிக்கொண்டு நிற்கும் மலைச்சரிவில், தணிகாசலம் என்ற உடும்பு ஓர் அடைகாப்பு நிலையம் நடத்தி வந்தது.

எப்போதோ மனிதர்கள் விட்டுவிட்டுப் போன தகரக் கொட்டகை அது. உள்ளே வரிசையாக வைக்கோல் கூடைகள். ஒவ்வொரு கூடைக்கு மேலும் ஒரு குண்டு பல்பு. வேலைக்குப் போகும் பறவைகள் தங்கள் முட்டைகளை அங்கே கொண்டுவந்து விடும். மாலையில் வந்து எட்டிப் பார்த்து, ஓட்டைத் தட்டிக் கொஞ்சிவிட்டுப் போகும். குஞ்சு வெளியே வந்ததும் பணத்தைக் கட்டி அழைத்துப் போகலாம்.

போயும் போயும் ஓர் உடும்பிடமா முட்டையைக் கொடுப்பார்கள் என்று நீங்கள் கேட்கலாம். தணிகாசலம் முட்டையை விட்டு வெகு நாளாகிறது. கொலஸ்ட்ரால் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த மருத்துவச் சீட்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலிலேயே மாட்டியிருந்தது. பறவைகளுக்கு அந்தச் சீட்டின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

தொடக்கத்தில் பெயர்ப்பலகையில்தான் ஒரு சிக்கல் வந்தது. ‘இங்கே முட்டை பொரித்துத் தரப்படும்’ என்று எழுதி வைத்திருந்தது. அன்று மாலையே ஒரு நரி வந்து, மிளகு தூக்கலாக இரண்டு பிளேட் கேட்டது. உடனே ‘முட்டை’யை அழித்துவிட்டு, ‘இங்கே குஞ்சு பொரித்துத் தரப்படும்’ என்று மாற்றி எழுதியது. மறுநாள் நரி குடும்பத்தோடு வந்தது. பிறகுதான் ‘அடைகாப்பு நிலையம்’ என்று மட்டும் எழுதியது. தொழில் ஒழுங்காக நடந்தது.

மார்கழி வந்தது. மலையில் பனி இறங்கியது. ஒரு கூடைக்கு ஒரு பல்பு போதவில்லை. இரண்டாயிற்று, மூன்றாயிற்று. பகலிலும் எரிந்தன. அருவிக்கரையில் யானைகள் நடத்தும் வன மின் கழகத்திலிருந்து மரங்கொத்தி வந்து, மீட்டரை இரண்டு கொத்து கொத்திப் பார்த்துவிட்டு பில்லை நீட்டியது.

தணிகாசலத்தின் நாக்கு வெளியே வந்தது, உள்ளே போக மறந்தது.

“என்னங்க இது? போன தடவையைப் போல மூணு மடங்கு வந்திருக்கு?”

“வணிகக் கட்டணம். அதுலயும் நீங்க மேல் அடுக்குக்குப் போயிட்டீங்க. அடுக்கு ஏற ஏற ரேட்டும் ஏறும்” என்றது மரங்கொத்தி.

“இது கடை இல்லீங்க. இத்தனை பேர் குடியிருக்கிற வீடு.”

“அப்படியா? குடியிருக்கிறவங்கள்ல ஒருத்தரை வெளிய கூப்பிடுங்க, பார்ப்போம்.”

தணிகாசலம் கூடைகளைத் திரும்பிப் பார்த்தது. “இப்ப வெளிய வர்ற நிலைமையில அவங்க இல்ல” என்றது.

மரங்கொத்தி போய்விட்டது. பில் போகவில்லை. இப்படியே போனால் தை பிறப்பதற்குள் கொட்டகையை மூட வேண்டியதுதான். நிலையத்தின் ஒரே ஊழியரான மூக்கையா என்ற தேவாங்கு, தன் பெரிய கண்களை இன்னும் பெரிதாக்கிக்கொண்டு முதலாளியைப் பார்த்தது. அது எதையுமே அப்படித்தான் பார்க்கும்.

“ஆலோசகரைக் கூப்பிடு” என்றது தணிகாசலம்.

எரிசக்திச் சிக்கன ஆலோசகர் அந்தரநாதன் ஒரு வௌவால். வந்ததும் உத்தரத்தில் தலைகீழாகத் தொங்கி, பில்லின் பின்பக்கம் இருந்த மாதச் செலவுப் பட்டைப் படத்தை ஆராய்ந்தது.

“பட்டையெல்லாம் வரவரச் சிறுத்துக்கிட்டுத்தானே வருது? உங்களுக்கு எதுக்கு ஆலோசனை?”

மூக்கையா காகிதத்தைத் திருப்பிப் பிடித்தது.

“ஓ” என்றது அந்தரநாதன். பிறகு கண்ணை இடுக்கிக்கொண்டு கொட்டகையைச் சுற்றிப் பார்த்தது. “குண்டு பல்பா? இந்தக் காலத்துல யாருங்க குண்டு பல்பு போடுறாங்க? கரண்ட்டைக் குடிச்சிட்டு எல்லாத்தையும் சூடாக் கக்கும். வீண். எல்லாத்தையும் கழட்டிட்டு எல்.இ.டி. போடுங்க. வெளிச்சம் அதேதான். கரண்ட் எட்டுல ஒரு பங்கு.”

தணிகாசலத்துக்குக் காதில் தேன் பாய்ந்தது. அன்றே குண்டு பல்புகள் இறங்கின, எல்.இ.டி. ஏறியது. கொட்டகை கல்யாண மண்டபம் போல ஜொலித்தது. மீட்டர் நகரவே யோசித்தது. அந்தரநாதன் தன் கட்டணத்தை வாங்கிக்கொண்டு, கண் கூசியபடி பறந்துவிட்டது.

மூக்கையா மட்டும் ஒரு பல்பைத் தொட்டுப் பார்த்தது. “முதலாளி, இது சுடலையே.”

“சுடாத பல்புதான்டா நல்ல பல்பு. மீட்டரைப் பாரு, தூங்குது!”

மீட்டரோடு சேர்ந்து முதலாளிக்கும் தூக்கம் வந்தது. உடும்புக்குச் சொந்தமாக உடம்புச் சூடு கிடையாது. இருக்கும் இடம் சூடாக இருந்தால் சுறுசுறுப்பாக இருக்கும், குளிர்ந்தால் விறைத்துவிடும். வெயில் சாயச் சாய, தணிகாசலத்தின் பேச்சு இழுத்தது.

“மூ… க்கை… யா… மிச்சம்… எவ்… வளவு…” என்று கேட்டது. வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

அந்த நேரத்தில்தான் பறவைகள் வேலை முடிந்து வந்தன. முதலில் வந்தது செங்கமலம் என்ற காட்டுக்கோழி. அது கூட்டுறவு விதைக் கடையில் கல்லாவில் உட்காரும். போன வருடம் அதன் முட்டைகளை ஒன்றுவிடாமல் பாம்பு கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு கிடைத்த முட்டைகள் இவை. தினமும் அது முட்டையில் கன்னத்தை வைத்துப் பார்க்கும். அன்றும் வைத்தது. முட்டை ஆற்றங்கல் மாதிரி ஜில்லென்று இருந்தது.

செங்கமலம் அவசரமாக அடுத்த முட்டையைத் தொட்டது. அதுவும் ஜில்.

“ஐயோ, என் பிள்ளைங்க!” என்று அலறிவிட்டு, சட்டென்று கூடையில் ஏறி, இறகை விரித்து உட்கார்ந்துவிட்டது.

மூக்கையா மெதுவாக நடந்து வந்தது. “மேடம், கூடையில கஸ்டமர் உட்காரக் கூடாதுங்க. விதி.”

“உன் விதியைக் கொண்டுபோய் அருவியில போடு!”

அலறலைக் கேட்டு உள்ளே ஓடி வந்த மயில் அபரஞ்சியும், கௌதாரிகளும், மற்ற பறவைகளும் தங்கள் தங்கள் கூடையில் ஏறி உட்கார்ந்தன. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. செங்கமலம் தன் வயிற்றுக்குக் கீழே ஏதாவது அசைகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

மூக்கையாவுக்கு வேறொரு கவலை. குளிர்ந்துபோன எதையும் உடனே சூட்டில் வைக்க வேண்டும் என்பது அதற்கு வேலையில் சேர்ந்த அன்றே சொல்லிக் கொடுத்த பாடம். முதலாளியைத் தொட்டுப் பார்த்தது. குளிர்ந்து போயிருந்தது. வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், இருப்பதிலேயே பெரிய பறவையான அபரஞ்சியின் கீழே தள்ளியது.

“என்னப்பா இது, நீளமா ஒண்ணு?” என்று அபரஞ்சி நெளிந்தது.

“எங்க முதலாளி, மேடம்.”

“கடிப்பாரா?”

“கொலஸ்ட்ரால் இருக்கு. மாட்டார்.”

பொழுது விடிந்தது. செங்கமலத்தின் வயிற்றுக்குக் கீழிருந்து, ஓட்டுக்குள்ளே யாரோ மெல்லத் தட்டும் சத்தம் கேட்டது. அது கண்ணை மூடிக்கொண்டு அழுதது. பிறகு கண்ணைத் திறந்தது. அழுகை போய், கோபம் வந்திருந்தது.

“எங்க அந்த உடும்பு?”

மயிலின் இறகுக்குள்ளிருந்து தணிகாசலத்தின் தலை மட்டும் வெளியே வந்தது. அதன் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. பிறந்ததிலிருந்து அது இவ்வளவு இதமாகத் தூங்கியதில்லை.

“வணக்கம்” என்றது.

“வணக்கமா? கட்டின காசைத் திருப்பிக் கொடுங்க! நாங்க வராம இருந்திருந்தா எங்க முட்டையெல்லாம் என்ன ஆகியிருக்கும்?”

தணிகாசலம் ஒரு கணம்தான் யோசித்தது. பிடித்ததை விடாத குலம் அது. காசு விஷயத்தில் கேட்கவே வேண்டாம். “தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க” என்றது. “நேத்து நடந்தது எங்க புதுத் திட்டத்தோட வெள்ளோட்டம். ‘தாய்ச்சூடு’ன்னு பேர். பல்பு கிடையாது, ஒயர் கிடையாது, முழுக்க இயற்கை. உங்க முட்டைக்கு உங்க சூடு. கட்டணம் மட்டும் ரெண்டு மடங்கு. நேத்து ஒரு நாள் உங்களுக்கு இலவசம்.”

கொட்டகை கொந்தளித்தது. “என் முட்டை மேல நான் உட்கார, நான் எதுக்குய்யா உனக்குக் காசு கொடுக்கணும்?” என்று செங்கமலம் கத்திய கத்தலில் தகரம் அதிர்ந்தது.

அப்போதுதான் தணிகாசலத்துக்கு அது தெரிந்தது. அபரஞ்சியின் வயிறு குபுகுபுவென்று சூடேறிக்கொண்டிருந்தது. “மூக்கையா, சூட்டுமானியைப் பாரு” என்று கிசுகிசுத்தது.

“ஏறுது முதலாளி. நீங்க பேசப் பேச ஏறுது. செங்கமலம் மேடம் கூடையில அடுப்பு மாதிரி இருக்கு.”

தணிகாசலம் கனைத்துக்கொண்டது. “வீட்டுல உட்கார்ந்தா இலவசம்தான்மா. நான் தடுக்கலை. ஆனா சான்றிதழ் கிடைக்காது.”

“என்ன சான்றிதழ்?”

“‘இந்தக் குஞ்சு தாய்ச்சூட்டில் பொரிந்தது’ன்னு முத்திரை போட்ட சான்றிதழ். இனிமே இரை கொத்தக் கத்துக்கொடுக்கிற பள்ளிக்கூடத்துல சேர்க்கையில அதைக் கேட்பாங்கன்னு பேசிக்கிறாங்க.”

யார் பேசிக்கொண்டார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அபரஞ்சிதான் முதலில், “எனக்கு ஒண்ணு போடுங்க” என்றது. மயிலே போட்டபிறகு கௌதாரிகள் சும்மா இருக்குமா? செங்கமலம் மட்டும் தன் முட்டைகளைப் பார்த்தது, கதவைப் பார்த்தது. வெளியே பனி. முட்டையை இந்தக் குளிரில் தூக்கிக்கொண்டு வீடு போய்ச் சேர முடியாது. நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் தன் பிள்ளைகள் மட்டும் சான்றிதழ் இல்லாமல் நிற்பதையும் ஒரு தரம் நினைத்துப் பார்த்தது. பல்லைக் கடிக்க வழியில்லாமல் அலகைக் கடித்துக்கொண்டு, விதைக் கடைக்கு விடுப்புச் சொல்லி அனுப்பியது.

அதன்பிறகு நிலையத்தில் ஒரு பல்பும் எரியவில்லை. காலையில் சூட்டுமானி இறங்கினால் மூக்கையா வந்து முதலாளியின் காதில் சொல்லும். தணிகாசலம் மயிலின் கீழிருந்து தலையை நீட்டி ஒரு புதுக் கட்டணத்தை அறிவிக்கும். ஒருநாள் வைக்கோல் தேய்மானக் கட்டணம். உட்கார்ந்து உட்கார்ந்து வைக்கோலைத் தேய்த்துவிட்டார்களாம். இன்னொரு நாள் முட்டையைப் புரட்டும் கட்டணம். புரட்டியதென்னவோ அம்மாக்கள்தான். ஒவ்வோர் அறிவிப்புக்கும் கூடைகள் கொதித்தன, முட்டைகள் கதகதவென்று இருந்தன.

மின் கழகத்து மரங்கொத்தி வந்து, அசையாத மீட்டரைக் கொத்திக் கொத்தி அலகு வலித்ததும், “கம்பியில கொக்கி கிக்கி போட்டிருக்கீங்களா?” என்று கூரை மேல் ஏறித் தேடியது. ஒன்றும் கிடைக்காமல் இறங்கிப் போனது.

பிறகு ஒருநாள், அந்த மார்கழியிலேயே கொடிய குளிர் வந்தது. புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்தது. சூட்டுமானி விழுந்துகொண்டே போனது. தணிகாசலம் கதவுக் கட்டணம் சொல்லிப் பார்த்தது. அம்மாக்களுக்குக் குளிரில் திட்டக்கூடத் தெம்பில்லை. காற்றுக் கட்டணம் சொன்னது. அபரஞ்சி கொட்டாவி விட்டது. செங்கமலத்தின் கூடைக்குள் தட்டும் சத்தம் நின்று போயிற்று.

“முதலாளி…” என்றது மூக்கையா. அதன் கண்களில் முதல்முறையாக ஏதோ ஓர் உணர்ச்சி தெரிந்தது.

தணிகாசலம் கூடைகளைப் பார்த்தது. முட்டைகள் போனால் தொழிலே போய்விடும். தனக்கும் வால் விறைக்கத் தொடங்கியிருந்தது. மிச்சமிருந்த மூச்சையெல்லாம் திரட்டிக்கொண்டு சொன்னது:

“ஒரு முக்கிய அறிவிப்பு. இங்க பொரியிற குஞ்சுகளுக்கெல்லாம்… இனிமே… என் பேர்தான் இனிஷியல்.”

கூடைகளில் தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.

பிறகு வெடித்தது. “யார் பெத்த பிள்ளைக்கு யார்யா இனிஷியல்!” என்று செங்கமலம் எழுந்த எழுச்சியில் இறகெல்லாம் நின்றது. கௌதாரிகள் ஒன்றாகக் கத்தின. அபரஞ்சி வாய்விட்டு வைத வசவுகளை இங்கே எழுத முடியாது. கொட்டகைக்குள் அனல் பறந்தது. தகரக் கூரையில் உறைந்திருந்த பனி உருகி வாசலில் சொட்டியது. அத்தனை இரைச்சலுக்கும் நடுவே, செங்கமலத்தின் கூடையில் ‘டிக்’ என்று ஓர் ஓடு விரிந்தது. ஈரத் தலையோடு ஒரு குஞ்சு எட்டிப் பார்த்தது. அதன் பின்னால் இன்னொன்று. அன்று மாலைக்குள் எல்லாக் கூடையிலும் குஞ்சுகள்.

மறுநாள் தணிகாசலம் பெருந்தன்மையோடு இனிஷியல் உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அம்மாக்களுக்குக் கண் கலங்கிவிட்டது. “என்ன இருந்தாலும் மனுஷத் தன்மை உள்ள உடும்பு” என்றது அபரஞ்சி. இரட்டைக் கட்டணத்தையும், தேய்மானத்தையும், புரட்டலையும், கதவையும், காற்றையும் சேர்த்து எல்லாரும் கட்டினார்கள். செங்கமலம் தன் பிள்ளைகளின் சான்றிதழை நனையாமல் இறகுக்குள் செருகிக்கொண்டு, குஞ்சுகளை முன்னால் விட்டு நடந்தது.

வீட்டுப் புதரில் பக்கத்து வீட்டுக் காடை, தன் முட்டைகளின் மேல் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது.

“வந்துட்டியா அக்கா! எத்தனை பொரிஞ்சுது?” என்று ஆசையாகக் கேட்டது.

செங்கமலம் அதை மேலும் கீழும் பார்த்தது.

“ஏன்டி, இப்படி வீட்டுலயே சும்மாவா உட்கார்ந்திருக்கே?” என்றது. “பாவம்டி, உன் பிள்ளைங்க.”

நீதி: குளிர்காலத்தில் தொழில் நடத்துகிறவருக்கு வாடிக்கையாளரின் வயிற்றெரிச்சலைவிட மலிவான எரிபொருள் கிடையாது, அதிலே நிம்மதியாகக் குளிர்காயலாம், முத்திரை போட்டு ஒரு சான்றிதழ் மட்டும் கொடுத்துவிட வேண்டும்.