மம்பட்டிக்கு ஒரு பந்தல்

படித்தவள் என்ற திமிர் எனக்கு ஒரு காலத்தில் கொஞ்சம் இருந்தது. (இப்போதும் இருக்கிறது. அப்போது அதற்குக் கூரை போட்டு, சீரியல் லைட்டும் மாட்டியிருந்தேன்.)

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்த முதல் ஆள் நான்தான். தென்காசிப் பக்கமிருந்து வந்த அப்பாவுக்கு ரயில்வேயில் கலாசி வேலை, கொல்கத்தா கார்டன் ரீச்சில் குவார்ட்டர்ஸ். வீட்டுக்குப் பின்னால் கிடந்த துண்டு நிலத்தில் அம்மா வாழை, முருங்கை, கறிவேப்பிலை என்று ஒரு குட்டித் தென்காசியையே வளர்த்து வைத்திருந்தாள். நான் ஆர்க்கிடெக்சர் முடித்து, அலிப்பூரில் ஓர் ஆபீஸில் ஜூனியராகச் சேர்ந்திருந்தேன். மற்றவர்கள் வரைந்த மாடிப்படியைத் திருத்துவதுதான் வேலை.

அப்போதுதான் ஒரு பங்களாக்காரர் தன் தோட்டத்துச் சாமான்களை வைக்க அழகான ஷெட் வேண்டுமென்று எங்கள் ஆபீஸுக்கு வந்தார். எனக்குக் கை பரபரத்தது. நேராக பாஸ் சௌமென்-தாவிடம் ('தா' என்றால் வங்காளியில் அண்ணன்) போய், "இதை எனக்குக் கொடுங்கள்" என்றேன்.

"நீ சொந்தமாகக் கட்டியதை ஒன்று காட்டு. பிடித்திருந்தால் உனக்குத்தான்."

"தீபாவளியன்று காலையில் வீட்டுக்கு வாருங்கள், காட்டுகிறேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் மிதந்துகொண்டே வீடு வந்தேன்.

எங்கள் தோட்டத்திலேயே ஒரு ஷெட் கட்டப்போகிறேன் என்றதும் அப்பாவுக்கு விஷயம் ரொம்பச் சுலபமாகப் பட்டது. "நாலு கம்பு, மேல ஒரு தகரம். நானே ஒத்தையில போட்டுத் தாரேன்."

"இது வெறும் ஷெட் இல்லப்பா. தோட்டத்தோட அனுபவம்!"

"மம்பட்டிக்கு என்னத்துக்குட்டி அனுபவம்?"

(படிக்காதவருக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்று பெருமூச்சு விட்டேன். அந்தப் பெருமூச்சை இன்றைக்கும் வீட்டில் நடித்துக் காட்டுகிறார்கள்.)

துர்கா பூஜை முடிந்து ஊரெல்லாம் சாமி வைத்த பந்தல்களைப் பிரித்துக்கொண்டிருந்த நேரம். மூங்கில் குவியல் குவியலாகக் கிடந்தது. பந்தல் போடும் ஹாராதன்-தாவையும் அவருடைய ஆட்களையும் கூட்டிவந்தேன். சுவருக்கு என் யோசனை, டீக்கடை மண் கப். அவற்றை வாய் வெளியே தெரியும்படி மூங்கில் தட்டியில் வரிசையாகக் கட்டினோம். ஹூக்ளிப் பக்கமிருந்து காற்றடித்தால் சுவர் முழுக்க 'ஊ' என்று ஊதும். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"முன்னால் வளைவு வைக்கட்டுமா?" என்றார் ஹாராதன்-தா.

"வையுங்கள்!"

"உள்ளே மேடையும் திரையும்?"

"உரமூட்டை நனையாது. வையுங்கள்!"

"இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போக வழி?"

"ஆகா, காற்றோட்டம்! வையுங்கள்!"

என் மனசை அப்படியே படிக்கிறாரே என்று பூரித்துப்போனேன். வாழ்நாளெல்லாம் பந்தல் போட்ட கை வேறு என்னத்தைப் போடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த வருஷம் தீபாவளியும் காளி பூஜையும் ஒரே நாளில் வந்தன. எங்கள் ஏரியா கிளப்பின் காளி பந்தல் எங்கள் சந்து முடியும் மைதானத்தில் இருந்தது. அதாவது, அங்கே போகிற எல்லோரும் முதலில் எங்கள் தோட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். சௌமென்-தா வரப்போகிறாரே என்று நான் சீரியல் லைட்டை வேறு போட்டு வைத்தேன்.

முதலில் பெரியம்மா வயதில் ஒரு மாஷிமா செம்பருத்தி மாலையோடு வந்து, வளைவுக்கு வெளியே செருப்பைக் கழற்றினார். அவர் பின்னால் இன்னொருவர். கொல்கத்தாவில் மூன்று பேர் வரிசையில் நின்றால் நாலாவது ஆள் காரணம் கேட்பதில்லை. மளமளவென்று கூட்டம் சேர்ந்தது. கிளப் ஆள் ஒருவர் விசிலோடு ஓடிவந்து கயிறு கட்டி, "லேடீஸ் இந்தப் பக்கம்!" என்று பிரித்துவிட்டார்.

"மாஷிமா, இது பந்தல் இல்லை! தோட்டத்து ஷெட்!" என்று கத்தினேன்.

"தெரிகிறதே அம்மா, இந்த வருஷம் ஷெட் தீம்! எவ்வளவு தத்ரூபம்!" (கொல்கத்தாவில் ஒவ்வொரு பந்தலுக்கும் வருஷம் ஒரு தீம் உண்டு, சிறந்ததற்குப் பரிசும் உண்டு.)

"டாகுர் கோதாய்? சாமி எங்கே?" என்று பின்னாலிருந்து குரல்கள்.

சாமி அப்போது உள்ளேதான் இருந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்த அம்மா, ஈரத்தலையை விரித்துப்போட்டுக்கொண்டு, வாழையிலை அறுக்க அருவாள் எடுக்கப் போயிருந்தாள். சத்தம் கேட்டுத் திரைத்துணியை விலக்கி மேடையில் வந்து நின்றாள். விரிந்த கூந்தல், கையில் அருவாள், எதிரே ஊரே திரண்ட கூட்டம். அம்மாவுக்கு வெட்கம் தாங்கவில்லை. வெட்கம் வந்தால் எப்போதும் செய்வதைச் செய்தாள்.

நாக்கை நீட்டிக் கடித்தாள்.

காற்று வேறு அந்த நேரம் பார்த்துச் சுவரை ஊதியது. அடுத்த நொடி பெண்கள் அத்தனை பேரும் குலவையிட்டார்கள். "ஜோய் மா!" மாஷிமாவின் மாலை பறந்துவந்து அம்மா கழுத்தில் விழுந்தது. "உயிருள்ள சாமி! இந்த முறை பரிசு இவர்களுக்குத்தான்!"

"ஏட்டி சிந்து, என்னட்டி இது?" என்றாள் அம்மா, உதடு அசையாமல்.

வரிசையில் அடுத்ததாக, ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, சௌமென்-தா. பக்தியாகக் கும்பிட்டு நிமிர்ந்தவர், அம்மாவுக்குப் பின்னால் மருந்தடிக்கும் பம்ப்பையும் எருமூட்டையையும் பார்த்தார்.

"சிந்து, ஷெட் எங்கே?"

"இதுதான் சௌமென்-தா."

"அப்போது இவர்?"

"எங்க அம்மா."

வெகுநேரம் மண் கப் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு, "அபாரமாக இருக்கிறது. ஆனால் அந்த மனுஷனுக்குப் புல் வெட்டுகிற மெஷினை ஒளித்துவைக்க ஓர் இடம்தான் வேண்டும். ஊரைக் கூட்ட இல்லை" என்றார்.

பங்களா ஷெட் என் சீனியருக்குப் போயிற்று. அவர் நாலு கம்பு நட்டு மேலே தகரம் போட்டார். (அப்பா இதைக் கேட்டு என்னுடைய அந்தப் பெருமூச்சை மட்டும் விட்டார்.)

ஆனால் அன்று சாயங்காலமே கிளப்காரர்கள் ஸ்வீட் டப்பாவோடு வந்து, அடுத்த வருஷப் பந்தலை நீதான் வரைய வேண்டும் என்று என்னிடம் கேட்டார்கள். ஹாராதன்-தாவோடு சேர்ந்து இன்றுவரை நான்தான் வரைகிறேன். மற்றவர்கள் வரைந்த மாடிப்படியைத் திருத்தும் வேலை இதில் இல்லை!

ஷெட் இன்னும் அப்படியேதான் நிற்கிறது. சந்தில் போகிறவர்கள் சிலர் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அம்மாவோ, வெறும் மம்பட்டி எடுக்கப் போனாலும் முதலில் தலையை இறுக்கிக் கொண்டை போட்டுக்கொள்வாள்.

"நாக்கையும் பாத்துக்கோ" என்பார் அப்பா.