ஏலம் போன ஊழியக்காரன்

மூன்று நாள் ஊழியத்துக்குப் புறப்படுகிறவனிடம் இருக்கும் தன்னம்பிக்கை, முப்பது வருஷம் ஊழியம் செய்தவரிடம் இருக்கவே இருக்காது. இதை நான் அடித்துச் சொல்வேன். அந்த மூன்று நாள் ஆசாமி நான்தான்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நடந்தது. சென்னையில் எங்கள் சபையின் வாலிபர் கூட்டத்திலிருந்து ஐந்து பேர், கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு சின்ன கிராமச் சபைக்குக் கிளம்பினோம். கோயிலுக்கு வெள்ளையடிப்பது, பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் சொல்லித் தருவது, ஞாயிறு ஆராதனையில் உதவுவது, இவ்வளவுதான் திட்டம். (நாங்கள் பேசிய பேச்சைக் கேட்டிருந்தால் ஆப்பிரிக்கக் காட்டுக்குப் போகிறோம் என்று நினைத்திருப்பீர்கள். புதுவாயல் கூட்டுரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தால் வந்துவிடும் ஊர்.) எனக்குப் பாட வராது, கிட்டார் வராது, நாலு பேர் முன்னால் ஜெபம் பண்ணச் சொன்னாலே உதறல் எடுக்கும். ஆகவே சமையல் இலாகாவை என்னிடம் தள்ளிவிட்டார்கள்.

புறப்படும் முன் ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. அதில் என் மண்டையில் நின்றது ஒன்றே ஒன்று: "ஜனங்க அன்பா எதைக் கொடுத்தாலும் மறுக்காதீங்க. மறுத்தா அவங்க மனசு நொந்துபோகும்." யாருடைய மனசையும் நோகடிப்பதில்லை என்று தீர்மானமாய்ப் போனேன்.

சனிக்கிழமை காலை, அந்தச் சபையின் பாஸ்டர் ஐயா மைக் செட்டுக்குச் சொல்லிவரப் பக்கத்திலிருக்கும் ஆரணிக்குப் போயிருந்தார். அவர் மனைவி பிரசவத்துக்காகத் தாய் வீட்டில். மற்ற நால்வரும் கோயில் சுவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, ஐயா வீட்டு அடுப்படியில் நான் மட்டும். அப்போதுதான் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒருவர் பெரிய பூசணிக்காயை இறக்கினார். ஒரு அம்மா கூடை நிறைய முட்டை கொண்டுவந்தார். பிறகு புது அரிசி, கத்தரிக்காய், தேங்காய். எல்லோரும் "தோத்திரம் பிரதர்" என்று சொல்லிவிட்டு, வேலைக்கு நேரமாகிறதென்று போய்க்கொண்டே இருந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முன்பின் தெரியாத எங்கள் மேல் இந்த ஜனங்களுக்கு எவ்வளவு பாசம்!

கடைசியாய் சாந்தம்மா வந்தார். தொழிற்பேட்டையில் வேலை செய்பவர். அவர் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. கையில் இருந்த சிவப்புச் சேவலின் கழுத்தில் மல்லிகைச் சரம் தொங்கியது.

"ஐயா இல்லியா?"

"ஆரணிக்குப் போயிருக்கார்மா."

"வந்தா சாந்தம்மா குட்துட்டுப் போச்சின்னு சொல்லு நைனா. கம்பெனி வண்டி வந்துடும், நான் ஓடணும்." சேவலை என் கையில் திணித்துவிட்டு ஓடியே போனார்.

எங்களுக்கு மாலை போட நேரமில்லாமல் சேவலுக்குப் போட்டு அனுப்பியிருக்கிறார் என்று நானாகவே முடிவுகட்டினேன். (சிரிக்காதீர்கள். அந்த வயதில் உலகமே என்னை வரவேற்கக் காத்திருப்பதாய்த்தான் எனக்கு நினைப்பு.)

புதுவாயல் கறிக்கடை பாய் சேவலை ஒரு மாதிரி பார்த்தார். "இன்னாபா இது, பூவெல்லாம் வச்சிக்கினு வந்துகுது? எதுக்குனா நேந்து வுட்டதா?"

"இல்ல பாய், எங்களை வரவேற்கக் கொடுத்தது."

"உங்களையா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "சர்தான், நமக்கின்னா" என்று கத்தியை எடுத்தார்.

மதியம் தடபுடலான சாப்பாடு. அரிசி, முட்டை, கத்தரிக்காய் எதையும் மிச்சம் வைக்கவில்லை; பூசணியில் மட்டும் பாதி மிஞ்சியது. பாட்டு கற்க வந்த பிள்ளைகளையும் பந்தியில் உட்கார வைத்து, கொடுப்பதில் இருக்கும் சந்தோஷத்தைப் பற்றி நான் ஒரு குட்டிப் பிரசங்கமே செய்தேன். (உதறலையும் மீறி! அவர்கள் வீட்டு அரிசியை அவர்களுக்கே போட்டுவிட்டு!) ஸ்டெல்லா என்றொரு ஒல்லிப் பெண், இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கித் தின்றாள். அவள் சாந்தம்மாவின் மகள் என்று பிறகுதான் தெரிந்தது.

சாயங்காலம் பாஸ்டர் ஐயா வந்தார். "ஜனங்க எதுனா கொண்டாந்தாங்களா தம்பி?"

"நிறைய ஐயா. ஒண்ணுகூட வீணாக்கல" என்றேன் பெருமையாக.

ஐயா ஆடிப் போனார். மறுநாள் அந்தச் சபையில் அறுப்பின் பண்டிகை. வந்ததெல்லாம் ஆண்டவருக்கு முதற்பலன் காணிக்கை. ஆராதனை முடிந்து அவற்றை ஏலம் விடுவார்கள். (எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை என்றால் கேக் ஸ்டாலும் பிரியாணி டோக்கனும்தான். காணிக்கை கவரில் போய்விடும். கவரைச் சமைக்க முடியாது, அதனால் தப்பித்து வந்தோம்.)

"சரி போவட்டும், சாந்தம்மா சேவல் எங்க?" என்றார். நான் வயிற்றைத் தடவிக்கொண்டு நின்றேன்.

அது பொருத்தனைச் சேவல். ஸ்டெல்லா மஞ்சள் காமாலையில் சாகக் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் வீட்டில் பொரித்த குஞ்சை வளர்த்து ஆலயத்தில் வைக்கிறேன் என்று சாந்தம்மா வாக்குக் கொடுத்திருந்தார். கடையில் வேறு வாங்கித் தருகிறேன் என்று கெஞ்சினேன். "கடையில வாங்குறதா வாக்குக் குடுக்கலியே தம்பி" என்றார் ஐயா. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஏல மேஜையில் சில தேங்காய்களும், நான் வெட்டி மிச்சம் வைத்த பாதிப் பூசணியும் மட்டும் இருந்தன. ஐயா நடந்ததைச் சொன்னார். சாந்தம்மா எழுந்தார். குரல் உடைந்திருந்தது.

"எம்புள்ளய திருப்பிக் குட்தாரு ஆண்டவரு. நான் வெறுங்கையோட வந்து நிக்கிறேன். இதுக்கு யாரு பதில் சொல்றது?"

நான் பெஞ்சுக்கடியில் புகுந்துவிடலாமா என்று பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: "சேவல் இல்லன்னா இன்னா? அத்தத் தின்னவன ஏலம் வுடுங்க!"

கோயில் குலுங்கியது. என்னைத் தூக்கி பெஞ்சில் நிறுத்தினார்கள். ஐயாவும் உற்சாகமாகிவிட்டார். "நல்லா சமைப்பான், சுமாரா வெள்ளையடிப்பான். யாருக்கு வேணும்?"

"ரொம்ப துன்னுவானே ஐயா!" என்றது ஒரு குரல்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஏலத்தில் எடுத்த பொருளைப் பிடிக்காவிட்டாலோ, மனசு நிறைந்தாலோ, மறுபடி சபைக்கே கொடுத்துவிடலாம். அதை மீண்டும் ஏலம் விடுவார்கள். முதலில் எடுத்தவர் என்னைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டாமவரும் கொடுத்தார். (மனசு நிறைந்துதான் என்று நான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.) பாதிப் பூசணிக்காய் என்னைவிட நல்ல விலைக்குப் போனது. கடைசியில் சாந்தம்மாவே என்னை எடுத்தார். திருப்பித் தரவில்லை.

கூட்டம் கலைந்ததும், ஓட்டை போட்ட அட்டைப் பெட்டி ஒன்றை என் கையில் கொடுத்தார். உள்ளே ஒரு கோழிக்குஞ்சு. "எங்கூட்ல பொரிச்சதுதான். உங்கூட்ல வளக்குற. அடுத்த பண்டிகைக்கு நீயே கொண்டாந்து குடு."

அயனாவரத்தில் இரண்டாவது மாடி வாடகை வீட்டில் சேவல் வளர்த்தவன் இந்த உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். விடிவதற்குள் அது கூவும். அதன் பின்னாலேயே வீட்டுக்காரர் கூவுவார். ஆனாலும் அடுத்த அறுப்பின் பண்டிகைக்கு, மல்லிகைச் சரம் கட்டிய சேவலோடு போய் நின்றேன். சாந்தம்மா அதை வாங்கி, ஸ்டெல்லாவின் கையில் கொடுத்து மேஜையில் வைக்கச் சொன்னார். அந்தப் பெண் துள்ளிக்கொண்டு போனாள். முதல் தடவை போய்வந்தபோது எங்கள் அறிக்கையில் 'கிராம மக்களுக்கு ஊழியம் செய்தோம்' என்று எழுதியிருந்தோம். உண்மையில் அவர்கள்தான் எனக்குச் செய்தார்கள். அதற்குப் பிறகு எந்த வருஷமும் நான் போகாமல் இருந்ததில்லை. மூன்று நாள் ஊழியம் இப்படி நீண்டுகொண்டே போகிறது.

சென்ற ஆண்டு ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம். மனைவி, பிள்ளைகளோடு போயிருந்தேன். பிரியாணிப் பந்தியில் உட்கார்ந்து இலையில் கை வைக்கப் போனேன். அந்தக் கோடியிலிருந்து சாந்தம்மாவின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது:

"துன்னு நைனா, துன்னு! இது உனக்குதான்!"