தையலுக்கு விட்ட அரை இஞ்ச்

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய மைத்துனருக்கு, தங்கள் அக்காவைக் கட்டியவன் தையல் கடையிலிருந்து எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும் உடம்பளவில் நலம். தாங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். இருந்தாக வேண்டும், இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கத் தெம்பு தேவைப்படும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று தாங்கள் கேட்கலாம். என் போன் பீரோவுக்குள், போர்வைகளுக்கு அடியில், பூட்டிக் கிடக்கிறது. சாவி என் மகளிடம். அவள் ஐந்து நாளாக என்னோடு பேசுவதில்லை. இவ்வளவுக்கும் காரணம் தாங்கள்.

இரண்டு மாதத்துக்கு முன் தாங்கள் வந்திருந்தபோது என் கட்டிங் மேஜைமேல், நான் சாக்குக்கட்டியால் கோடு போட்டு வைத்திருந்த துணியின் மேலேயே உட்கார்ந்துகொண்டு சொன்னது நினைவிருக்கிறதா? "என்ன மாமா, பாப்பா இன்னமும் புத்தகத்தையே புரட்டிக்கிட்டு இருக்கா? ஒன்பதாவது பாடம் மொத்தமும் ஆன்லைன்ல இருக்கு. வீடியோ, பயிற்சி, மாதிரித் தேர்வு, எதை மறந்தாலும் திரும்பப் பார்த்துக்கலாம். போனைக் கொடுங்க, பதிஞ்சு தரேன்." கொடுத்தேன். மாணவி என்ற இடத்தில் என் மகள், பெற்றோர் என்ற இடத்தில் நான். கடைசியில் ஒரு சின்னக் கட்டம் வந்தது. இது என்ன மாப்பிள்ளை என்று கேட்டேன். "அது ஒண்ணுமில்ல மாமா" என்று டிக் போட்டீர்கள். அந்த ஒன்றுமில்லாத கட்டம் என்ன செய்தது என்று பின்னால் சொல்கிறேன்.

பாப்பா அந்தத் தளத்தை மூன்று நாள்தான் பார்த்தாள். "ஒரு வரி சொல்றதுக்குள்ள அந்த சார் மூணு தடவை கையை ஆட்டுறார்ப்பா. நான் நோட்டுலயே போட்டுக்கறேன்" என்று போனை என்னிடமே தந்துவிட்டாள். அவள் நோட்டைத் தாங்கள் பார்த்ததில்லை. பிசிறில்லாமல் இருக்கும். பெரியவளானதும் பாலம் கட்டப் போகிறாளாம். அதற்குக் கணக்கும் அறிவியலும் முழுசாகச் சொல்லித்தரும் பிரிவில் பத்தாவதில் இடம் கிடைக்க வேண்டும். அந்தப் பட்டியலை இந்த வெள்ளிக்கிழமை பள்ளியில் ஒட்டுகிறார்கள். வீட்டில் மூன்று மாதமாக வேறு பேச்சே கிடையாது.

போன் என்னிடம் வந்த மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்கு, கடையில் ஆள் இல்லாத நேரம், அதிலிருந்து ஊதுகுழல் சத்தம் வந்தது. எடுத்துப் பார்த்தால், "உன் மூன்று நாள் தொடர் இன்று அறுந்துவிடும்!" என்று சிவப்பில் எழுதியிருக்கிறது. நீங்களே சொல்லுங்கள், இருபத்தாறு வருஷமாக மெஷின் ஓட்டுகிறவனிடம் போய் அறுந்துவிடும் என்று சொன்னால் எப்படி இருக்கும்? நூல் நடுவில் அறுந்தால் எனக்குச் சோறு இறங்காது. சரி, அறுந்து போகாமல் இருக்க ஒரே ஒரு பயிற்சி போட்டு வைப்போம், பாப்பா வந்து தொடர்ந்து கொள்ளட்டும் என்று உட்கார்ந்தேன். செவ்வக வடிவத் தோட்டம், நீளம் பன்னிரண்டு, அகலம் எட்டு, சுற்றளவு என்ன? இதைக்கூடவா போட மாட்டேன்? நாற்பதரை என்று அடித்தேன். தவறு என்றது. எனக்குச் சுருக்கென்றது. அடுத்தது முக்கோணம். ஒரு பக்கம் மூன்று, ஒரு பக்கம் நாலு, சாய்ந்த பக்கம் எவ்வளவு? அந்தக் கையாட்டி சார் சொன்ன மாதிரியே போட்டேன், ஐந்து வந்தது, ஐந்தரை என்று அடித்தேன். அதுவும் தவறு.

ஒரு நாள் இரண்டு நாள் இல்லை மாப்பிள்ளை, தினமும் மூன்று மணிக்கு இதே கூத்து. இடுப்பளவு எடுத்துக்கொண்டிருக்கும்போது குழல் ஊதும். போன வாரம் ஒரு கனத்த மனிதர், பாதி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு டேப்புக்குள் நிற்கிறார், போன் திடீரென்று "மனம் தளராதே! மீண்டும் முயற்சி செய்! உன்னால் முடியும்!" என்று கத்துகிறது. மனிதர் மூச்சை விட்டுவிட்டார். டேப் கையை விட்டு நழுவியது. அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. அவர் தன் துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனதையும் மறக்கவில்லை.

இதற்கிடையில் அந்தத் தளம் என்னைப் பற்றி, அதாவது என் மகளைப் பற்றி, ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. இந்தப் பிள்ளைக்கு அடித்தளம் சரியில்லை என்று எட்டாம் வகுப்புக்கு இறக்கியது. அங்கிருந்து ஏழு. ஏழிலிருந்து ஐந்து. கடைசியில் மூன்றாம் வகுப்பில் ஒரு முயல் வந்து கேரட்டை எண்ணச் சொன்னது. எண்ணினேன். ஒன்பது. கேரட்டுக்கெல்லாம் நான் அரை சேர்க்கவில்லை, அந்த அளவுக்கு மோசமில்லை. முயல் குட்டிக்கரணம் போட்டது. உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அங்கிருந்து ஒவ்வொரு படியாக மறுபடி ஏறி இப்போது ஏழாம் வகுப்புப் பின்னத்தில் நிற்கிறேன். முக்காலில் அரைக்கால் போனால் எவ்வளவு என்று கத்திரியைக் கையில் கொடுத்துக் கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவேன். ஆனால் அதையே மேலே ஒன்று கீழே ஒன்று எழுதிக் கேட்டால், இந்தத் தளத்தில் உட்காரும்வரை எனக்கு எல்லாமே தப்பாகத்தான் வரும்.

இப்போது அந்தக் கட்டத்துக்கு வருகிறேன். நீ, ஆமாம், நீதான், கோபத்தில் தாங்கள் நீங்கள் எல்லாம் போய்விட்டது, அந்தக் கட்டத்தில் போட்ட டிக்கினால் வாராவாரம் என் மகளின் முன்னேற்ற அறிக்கை நேராக அவளுடைய கணக்கு டீச்சருக்குப் போயிருக்கிறது! ஒன்பதாம் வகுப்பில் முதல் வரிசையில் உட்காருகிற பெண், வீட்டில் கேரட் எண்ணுகிறாள் என்று. டீச்சர் என்ன நினைப்பார்? வகுப்பில் பக்கத்துப் பெண்ணைப் பார்த்து எழுதுகிறாள் என்றுதான் நினைப்பார். அப்படித்தான் நினைத்தார். சனிக்கிழமை பாப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "உன் பேரை எளிய பிரிவுல போட்டிருக்கேன்மா, கஷ்டப்படாம படிக்கலாம்" என்றிருக்கிறார். பாப்பா அழுதுகொண்டே கடைக்கு வந்தாள். சரியாக மூன்று மணி. போன் ஊதியது. எடுத்துப் பார்த்துவிட்டாள்.

"நீயாப்பா?" என்று கேட்டாள். அவ்வளவுதான், அதற்கப்புறம் என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. உன் அக்கா மட்டும் எல்லோருக்கும் சேர்த்துப் பேசினாள். "பத்தாவது பாஸ் பண்ணவர்தானே நீங்க? ஒன்பதாவது கணக்கு எப்படித் தெரியாமப் போச்சு?" என்றாள். மாப்பிள்ளை, அதற்குத்தான் நான் பதில் சொல்லவில்லை. உனக்கு இப்போது சொல்கிறேன், கிழித்துப் போட்டுவிடு. நான் பத்தாவது போனதே இல்லை. ஒன்பதாம் வகுப்புக் கடைசித் தேர்வன்று பள்ளிக்குப் போகாமல் நேராகத் தையல் கடைக்குப் போனவன். பெண் பார்க்க வந்தபோது உன் அப்பா கேட்டதும் வாயில் பத்து என்று வந்துவிட்டது. அந்த ஒரு வகுப்பையும் நான் அன்றைக்கு ஏற்றித்தான் சொன்னேன்.

புதன்கிழமை கடையைச் சாத்திவிட்டுப் பள்ளிக்குப் போனேன். தப்பெல்லாம் நான் போட்டது என்று டீச்சரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "பிள்ளையக் காப்பாத்த அப்பாங்க எதுவும் சொல்லுவாங்க. போன வருஷம் ஒருத்தர் எங்க வீட்டுப் பூனை அமுக்கிடுச்சுன்னார்" என்றார். வேண்டுமானால் என்னைச் சோதித்துப் பாருங்கள் என்றேன். அந்தம்மா நிஜமாகவே ஒரு தாளை எடுத்துவிட்டார். முட்டி இடிக்கிற பெஞ்சில் உட்கார வைத்தார். முதல் நாலும் பின்னம். ஒரு மாதத்துக்கு முன் கேட்டிருந்தால் நாலும் தப்பாக வந்து என் பிள்ளை பிழைத்திருப்பாள். அந்தப் பாழாய்ப்போன தளம் எனக்குக் கற்றுக்கொடுத்துவிட்டதே! விடை தெரிகிறது. தப்பாக எழுதலாம் என்றால் கை வரமாட்டேன் என்கிறது. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்து எனக்கு விடை தெரிகிறது, அதை எப்படி மாப்பிள்ளை தப்பாக எழுதுவேன்? நாலையும் சரியாகவே போட்டேன். டீச்சர் பார்த்துவிட்டு, "நாலும் சரியா இருக்கே. பொய் சொல்லாதீங்க சார், வீட்டுக்குப் போங்க" என்றார். ஐந்தாவதையும் பாருங்கள் என்று கெஞ்சினேன். வட்டமான மேஜை, விட்டம் ஏழு, சுற்றளவு கேட்டிருந்தது. நான் அதற்கு இருபத்திரண்டரை என்று எழுதியிருந்தேன்.

டீச்சர் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தார். "இந்த அரை எங்கிருந்து வந்துச்சு?" என்றார். "சுத்தி வந்து சேர்ற இடத்துல தைக்கிறதுக்கு விடணுமில்ல டீச்சர்? விடலன்னா எப்படிப் பிடிக்கும்?" என்றேன். டீச்சர் அந்த அறிக்கையை எடுத்து ஒவ்வொரு தப்பாகப் பார்த்தார். நாற்பதரை. ஐந்தரை. பதினெட்டரை. அளவுக் கணக்கில் வந்த எல்லாத் தப்பிலும் அதே அரை. பிறகு மேஜைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டார். இன்று வியாழன். நாளை பட்டியல். பாப்பா இன்னும் பேசவில்லை. ஆகையால் இக்கடிதம் கண்ட நிமிஷமே நீ அந்தத் தளத்தில் உள்ள பதிவை வேரோடு பிடுங்கி எறிய வேண்டும். இனி என் வீட்டுப் பக்கம் எந்தக் கையாட்டி சாரும், எந்த முயலும் வரக் கூடாது. நீயும் கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம்.

உன் மனைவிக்கு எங்கள் அன்பு. பிள்ளை குட்டிகளோடு நோய்நொடியில்லாமல் நன்றாக இருங்கள். டிக் போடும் விரலுக்கு மட்டும் அவ்வப்போது சுளுக்குப் பிடிக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மாமா

பி.கு.: தபாலில் போடுவதற்குள் வெள்ளி சாயங்காலம் ஆகிவிட்டது. பட்டியலில் பாப்பா பெயர் முழுப் பிரிவில் இருக்கிறது. பதிவை எடுத்துவிடாதே மாப்பிள்ளை, கையெடுத்துக் கும்பிடுகிறேன், அதில் போன சனிக்கிழமை அறுந்த அறுபத்தோரு நாள் தொடர் கிடக்கிறது. முடிந்தால் அறுந்த இடத்தில் ஒரு ஒட்டுப் போட்டு என் பேருக்கு மாற்றிக் கொடு. ஏனென்றால் பாப்பா பள்ளியிலிருந்து வந்ததும் பீரோவைத் திறந்து போனை எடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து புதிதாக ஒரு பதிவு போட்டாள். வகுப்பு என்ற இடத்தில் என்னைக் கேட்காமலே ஒன்பது என்று போட்டாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்று நானும் கேட்கவில்லை. மாணவர் என்ற இடத்தில் என் பெயர். பெற்றோர் என்ற இடத்தில் அவள் பெயர். கடைசியில் அந்தச் சின்னக் கட்டம் வந்தது. "இது என்னம்மா?" என்றேன். "அது ஒண்ணுமில்லப்பா" என்று டிக் போட்டுவிட்டாள். நிறுத்துகிறேன், இன்றைய பயிற்சி பாக்கி இருக்கிறது, அவள் பார்த்துக்கொண்டே நிற்கிறாள்.