பால்ராஜ் சார் போட்ட மூன்று ஓட்டு

"ரெண்டு ஓட்டுப் போட்டேன்னு நீங்களே வாட்ஸ்அப் குரூப்ல எழுதியிருக்கீங்க. உங்களை எப்படி சார் தேர்தல் அதிகாரியா வைக்கிறது?" என்று கூட்டத்தில் கேட்டான் கிஷோர்.

முகப்பேர் அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர் அவன். மறுநாள் சங்கத் தேர்தல். அதை நடத்தித் தரவிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் பால்ராஜுக்கு ரத்தம் கொதித்தது.

"அது கள்ள ஓட்டு இல்லப்பா. ஒண்ணு சட்டசபைக்கு. இன்னொண்ணு மேலவைக்கு. ஆசிரியர் தொகுதின்னு ஒண்ணு இருந்தது, வாத்தியாருங்க மட்டும் போடறது."

"தமிழ்நாட்டுல ஏது சார் மேலவை?"

"இருந்தது. எண்பத்தாறுல கலைச்சுட்டாங்க."

"வசதியாப் போச்சு," என்று பின்வரிசையில் யாரோ முனகினார்கள்.

அதுதான் அவரைக் கிளப்பிவிட்டது. "ரெண்டு இல்லய்யா, மூணு. பட்டதாரி தொகுதி தனி. நான் பி.ஏ. அதுலயும் போட்டேன்."

கூட்டத்தில் சலசலப்பு. மனைவி ஞானகுமாரி கைகொடுக்க எழுந்தாள். "அவர் சொல்றது நிஜம். நானும் பட்டதாரி டீச்சர்தான். எனக்கும் மூணு."

"ஒரே வீட்டுல ஆறா?" என்றான் கிஷோர்.

"முழுசாக் கேளு," என்றார் பால்ராஜ். "அந்தச் சீட்டுல முத்திரை குத்தறதில்ல. பிடிச்ச வரிசைல ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போடணும். ஒரே சீட்டுல, நின்ன மூணு பேருக்கும் போட்டேன்."

அதற்குமேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. கைதூக்கி அவரை நீக்கினார்கள்.

பால்ராஜ் விருட்டென்று வெளியேறினார். சாராயத்துக்கும் புடவைக்கும் மசியாத ஓட்டு அது. படித்தவன் யோசித்துப் போட்ட ஓட்டு. அதையா கள்ள ஓட்டு என்கிறார்கள்?

கேட்டருகே பூ விற்கும் நாகம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "இன்னா சார், மூஞ்சி இப்டி கீது?"

அவர் கொட்டித் தீர்த்தார்.

"மேலவை ஓட்டா? அது இருந்திச்சே. அம்பத்தூர் ஸ்கூல்ல நடக்கும்."

பால்ராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியே அவளைக் கூட்டத்துக்கு அழைத்துப் போய் நடுவில் நிறுத்தினார். "சாட்சி கொண்டாந்திருக்கேன். கேளுங்க."

"நீங்க அந்தத் தேர்தலை நேர்ல பார்த்தீங்களா?" என்றான் கிஷோர்.

"பாக்கறது இன்னா, நானே பட்டதாரி தொகுதில போட்டுகீறேன்."

பால்ராஜ் நெஞ்சை நிமிர்த்தி எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். கிஷோரின் முகம் சுருங்கிவிட்டது.

"மன்னிச்சுக்கோங்கம்மா, நீங்க பட்டதாரின்னு எங்களுக்குத் தெரியாது," என்றான்.

"நான் எங்க நைனா படிச்சேன்? ஜெயப்பிரியா பி.ஏ.ன்னு பேர் சொல்லச் சொல்லி இட்டுக்கினு போனாங்க. எழுத வராதுன்னேன், நேரா ஒரு கோடு இழுத்தா அது ஒண்ணாம் நம்பருன்னுட்டாங்க."